நேராக நின்ற வண்டி

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். வைத்தவர் அத்தான். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில், கதவைத் திறந்த மைத்துனியைக் குனிந்து பார்த்து, "இந்தப் பொடிசு யாரு?" என்று கேட்டார். கேட்டவர் அன்றைக்கே மறந்துவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அம்மா வாய்க்குப் போய், அங்கிருந்து அக்கா வாய்க்குப் போய், இப்போது பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பொடிசு வளர்ந்து வேலைக்கும் போய்விட்டாள். உயரம் மட்டும் அந்தப் பெயருக்கு விசுவாசமாக அப்படியே நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. பொருத்திய கண்ணாடியை மேஜை மேல் வைத்துக் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பாள். ஒரு பக்கம் நூலிழை தூக்கியிருந்தாலும் தெரிந்துவிடும். இது வேலையா வியாதியா என்று அவளுக்கே சந்தேகம் உண்டு. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடி சாய்ந்திருந்தால், இறங்கும் இடம் வரும்வரை கை துறுதுறுத்துக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் வேண்டும். புதிதல்ல, கைமாறிய வண்டி போதும். ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டும், ஸ்கூட்டர் வேண்டாம். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் மற்றவர்கள் பழைய வண்டிகளில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபோது, இவள் மட்டும் டேங்க்கின் மேல் குனிந்து பார்த்தாள். அந்தக் குனிவு உடம்புக்குப் பிடித்துப்போனது. லைசென்ஸும் வந்துவிட்டது. வண்டிதான் வரவில்லை.

வராததற்குக் காரணம் அவள் கால்கள். ஷோரூமில் ஏறினால் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. பழைய வண்டி விற்கிறவர்கள் வீட்டுக்குப் போனால், ஏணியில் ஏறுவதுபோல ஏறி, நுனிக்காலில் நடுங்கிக்கொண்டு நிற்பாள். வண்டிக்காரர் பின்னால் ஓடிவந்து பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டே, "ஸ்கூட்டர் வாங்கிக்கம்மா, உனக்கு அதான் அழகா இருக்கும்" என்பார். எல்லோரும் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள்போல அதையே சொன்னார்கள். கடைசியில் ஒருவர் வாயைத் திறக்கும்போதே, "ஸ்கூட்டர்தானே, தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் டைல்ஸ்காரர் வீட்டு வண்டி அகப்பட்டது. தரைக்கு டைல்ஸ் பதிக்கும் காண்ட்ராக்டர். வேலை முடிந்து திரும்பும் வழியில் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள். ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும், குதிகால் உட்பட, தரையில் பதிந்தன.

நம்பிக்கை வராமல் இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தாள். பதிந்தன. ஷோரூமில் கட்டைவிரல் தொட்ட அதே மாடல்தான்.

"இதை உயரம் குறைச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

டைல்ஸ்காரர் முகம் கடுத்துவிட்டது. "எதையும் தொடல. கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொடிசு தன்னையே சந்தேகப்பட்டாள். ஷோரூமில் போட்டிருந்தது தட்டைச் செருப்பா? அங்கே தரை பள்ளமா? ஒருவேளை நாம்தான் வளர்ந்துவிட்டோமா? கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றுகூடப் பார்த்தாள். வளரவில்லை.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா காய் நறுக்கும் கையை நிறுத்தாமல், "உங்க அத்தான் பார்த்து சரின்னா வாங்கிக்க. அவர் வேண்டாம்னா அந்தப் பேச்சை அதோட விட்டுடணும்" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் பைக் வைத்திருந்த ஒரே ஆள் அத்தான். கல்யாணத்துக்கு முன்பே அதை விற்றுவிட்டார். விற்ற பிறகு அந்த வண்டியின் வேகம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது என்பது வேறு விஷயம். ஆக, பொடிசின் வண்டி இப்போது அத்தானின் நாக்கில் நின்றது.

விடுமுறை நாள் காலையில் இருவரும் போனார்கள். அத்தான் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் மேல்பூச்சைத்தான் முதலில் பார்ப்பார். பல சமயம் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான்.

டைல்ஸ்காரர் வீட்டு முன்பக்கம் முழுவதும் டைல்ஸ். வேலையில் மிஞ்சியவை போலிருக்கிறது. பூப்போட்டது, கட்டம் போட்டது, வெறும் சாம்பல் நிறம் என்று கலந்து கிடந்தன. ஆனால் இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு. அவர் மனைவி முன்பக்கத்தைக் கழுவி, தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளத் தள்ள அது திரும்பி வீட்டுக்குள்ளேயே ஓடிவந்தது. படியோரம் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி அணை போட்டிருந்தார். டைல்ஸ் பதிக்கிறவர் வீட்டில் தண்ணீர் தெருப்பக்கம் ஓடாமல் உள்பக்கம் ஓடுவானேன் என்று பொடிசுக்குத் தோன்றியது. கேட்பதற்குள் டைல்ஸ்காரர் வெளியே வந்தார்.

போன தடவை இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை. மனிதர் நல்ல கட்டுமஸ்தானவர், ஆனால் அவளைவிட ஒரு சாண்கூட அதிகமில்லை. அதிலும் பாதி அவருடைய பூட்ஸின் அடிப்பாகம். அத்தான் பக்கத்தில் வந்ததும் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"வாங்க சார். நீங்கதான் வாங்கறீங்களா?"

"நான்தான் வாங்கறேன்" என்றாள் பொடிசு.

"நல்லதும்மா. சார், இப்படி வாங்க, வண்டி இங்க இருக்கு."

வண்டி நீல நிறம். அத்தான் டேங்க்கை விரலால் தட்டினார், நகத்தால் கீறுவதுபோல் தடவினார், கண்ணைச் சுருக்கிப் பக்கவாட்டில் பார்த்தார். "ஒரிஜினல் பெயிண்ட். மறுபடி அடிச்சது இல்ல" என்று தீர்ப்பு சொன்னார்.

"அத்தான், செயினைப் பார்க்கணும். டயர்ல தேதி இருக்கும், அதையும் பார்க்கணும். இன்ஜின் ஆறியிருக்கான்னு தொட்டு..."

"பாத்துக்கலாம் பொடிசு. முதல்ல பாடியைப் பார்ப்போம்."

"பொடிசா?" என்று டைல்ஸ்காரர் சிரித்தார். அவர் சிரித்ததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

அவள் சற்றுத் தள்ளி நின்று, கடையில் கண்ணாடியைப் பார்ப்பதுபோலக் குனிந்து வண்டியைப் பார்த்தாள். ஏதோ உறுத்தியது. ஸ்டாண்ட் போட்ட வண்டி இடப்பக்கம் ஒருக்களித்து நிற்க வேண்டும். ஒரு ஆள் சுவரில் தோளைச் சாய்த்து நிற்பதுபோல. இந்த வண்டி சாய்ந்தும் சாயாமலும் நின்றது. இத்தனைக்கும் தரை இடப்பக்கம் சரிவு. சரிவிலேயே இவ்வளவுதான் சாய்கிறது என்றால், சமதளத்தில்?

"அத்தான், இந்த வண்டி நிக்கறது..."

"இரு பொடிசு, சார் ஏதோ சொல்றார்."

சார் சொல்லிக்கொண்டிருந்தது நிபந்தனை. "ஓட்டிப் பாருங்க, ஆட்சேபணை இல்ல. ஆனா ஒண்ணு சார். கீழ போட்டீங்கன்னா வண்டி உங்களுது. அப்புறம் வேண்டாம்னு சொல்லக் கூடாது, பேசின விலையில பேரமும் கிடையாது."

"நான் கீழ போடறதா?" அத்தான் அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, கூட யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தார்.

"நான்தான் ஓட்டிப் பார்க்கணும்" என்றாள் பொடிசு.

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். முன்பின் தெரியாதவர்கள் எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் ஒன்றுகூடிவிடுகிறார்களோ.

"லைசென்ஸ் எப்ப எடுத்தம்மா?"

"இப்பதான். போன மாசம்."

"அப்ப வேண்டாம்மா. புதுசா ஓட்டறவங்ககிட்ட நான் சாவியே தர்றதில்ல."

"புதுசா ஓட்டறவ வாங்கலாம், ஓட்டிப் பார்க்கக் கூடாதா?"

"வாங்கிட்டா உன் வண்டி. என்ன வேணா பண்ணிக்க."

"அவர் சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் அத்தான். "நான் ஓட்டிப் பார்த்தா போதாதா? உனக்காகத்தானே ஓட்டறேன்."

அவளுக்காக அத்தான் வண்டியில் ஏறினார். நெட்டை மனிதர். முழங்கால்கள் இரண்டும் விரித்த குடைபோல வெளியே நீட்டிக்கொண்டன. டைல்ஸ்காரர் ஸ்டாண்டைத் தானே குனிந்து மடக்கிவிட்டு, தெருவரை வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தார். அத்தான் உறுமிக்கொண்டு போனார். பொடிசு தெருவில் நின்றாள். வாங்கப்போகிறவள் நடைபாதையில், வாங்காதவர் வண்டியில். அவள் முறை வரவே வராதோ என்று முதல்முறையாகப் பயந்தாள்.

"அண்ணே, நிஜமாவே இதுல எதையும் மாத்தலையா?" என்று மறுபடி கேட்டாள்.

"அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா." பேச்சை அதோடு வெட்டிவிட்டு அவர் தெருக்கோடியைப் பார்த்தார்.

அத்தான் திரும்பி வந்தபோது முகம் வெந்துபோயிருந்தது. வீட்டுக்கு எதிர்ப்புறம், சாக்கடையை ஒட்டிய தெருவோரத்தில் நிறுத்தினார். அங்கே தெரு வண்டிக்கு வலப்பக்கமாகச் சாக்கடையை நோக்கிச் சரிந்திருந்தது. டைல்ஸ்காரர் ஓர் அடி முன்னால் வைத்தார். "சார், அங்க..." என்று ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார். பொடிசு அதைப் பார்த்தாள்.

"அத்தான், அங்க நிறுத்தாதீங்க, வண்டி நேரா..."

"ஒரு நிமிஷம் பேச விடறியா?" அத்தான் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பொடிசு. இது சரிப்படாது. காலை மடக்கவே முடியல. முட்டி வாய்க்கு வருது. பொம்மை வண்டி மாதிரி இருக்கு."

"உங்க கால் அத்தான் அது. ஓட்டப்போறது என் கால்."

"ஓட்டிப் பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்க. எனக்கு ஒத்துவரல."

பொடிசுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வீடு ஏறி இறங்கி, கால் பதிகிற ஒரே வண்டியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது நெட்டை மனிதர் ஒருவருக்குச் சின்னதாக இருக்கிறதாம். அதனால் வேண்டாமாம். சட்டையைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, உனக்கு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தாள்.

அப்போது வண்டி விழுந்தது.

யாரும் தொடவில்லை. தெருவில் போன வேனின் அதிர்வோ என்னவோ, மெதுவாக, யோசித்து முடிவெடுத்ததுபோல, ஸ்டாண்ட் இல்லாத வலப்பக்கமாகச் சாய்ந்தது. சாக்கடைக் கட்டையில் மோதிய சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. வலப்பக்கக் கண்ணாடி உடைந்து, பிரேக் லீவரின் நுனி ஒடிந்து, அத்தான் புகழ்ந்த ஒரிஜினல் பெயிண்டில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

"கீழ போட்டுட்டீங்க" என்றார் டைல்ஸ்காரர்.

"நான் எங்கே போட்டேன்? நான் இங்க நிக்கறேன், அது அங்க விழுது."

"ஸ்டாண்டை ஒழுங்கா போட்டிருந்தா ஏன் விழுது?"

"ஒழுங்காத்தான் போட்டேன். ஸ்டாண்டே நிக்காத வண்டியை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"கண்டிஷன் கண்டிஷன்தான் சார்."

"உங்க கண்டிஷனைக் கொண்டுபோய்..."

"முதல்ல வண்டியைத் தூக்குங்களேன்" என்றாள் பொடிசு. பெட்ரோல் வாசனை வந்தது.

தூக்கினார்கள். அத்தான் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார், டைல்ஸ்காரர் வாலைப் பிடித்து இழுத்தார். ஆளுக்கொரு திசை. வண்டி எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போய், வெள்ளைக் கோடு இன்னும் நீண்டது.

"ஹேண்டிலை இழுக்கக் கூடாது. முதுகை சீட்டுல கொடுத்து, கீழ உட்கார்ந்து, காலால தள்ளணும். கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தாங்க."

"நீ தள்ளி நில்லும்மா, கால் மேல விழுந்துடும்."

மறுபடி இழுத்தார்கள். மறுபடி வழுக்கியது. பொடிசு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருவேளை நாம்தான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த அளவுக்கு அவர்கள் உறுதியாகத் தப்புச் செய்தார்கள்.

விளக்குமாற்றோடு வந்த டைல்ஸ்காரர் மனைவிதான், "ஏங்க, அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுதே, காதுல வாங்குங்களேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, பொடிசு காட்டியபடி சீட்டில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். பொடிசும் பக்கத்தில் உட்கார, இருவரும் காலை ஊன்றித் தள்ளினார்கள். வண்டி முனகிக்கொண்டே எழுந்தது. அந்தப் பக்கம் நின்ற அத்தான் தாங்கிப் பிடித்தார்.

இப்போது அதை யார் பிடித்துக்கொண்டு நிற்பது? ஸ்டாண்டை நம்புகிற தைரியம் யாருக்கும் இல்லை. அத்தானுக்குச் சண்டை போட இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நான் உட்கார்ந்துக்கறேன்" என்றாள் பொடிசு. யாரும் பதில் சொல்லுமுன் காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். இரண்டு பாதமும் பதிந்தன. தெருவோரச் சரிவிலும் பதிந்தன. ஓட்டிப் பார்க்கக் கூடாதவள் இப்போது வண்டிக்கு ஸ்டாண்டாகிவிட்டாள். அதற்கு மட்டும் லைசென்ஸ் எப்போது எடுத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

சண்டை அவள் தலைக்கு மேலே தொடர்ந்தது. இடப்பக்கம் அத்தான், வலப்பக்கம் டைல்ஸ்காரர்.

"கம்பெனியில இருந்து வந்தபடி இருக்கற வண்டி சார். இத்தனை நாள் எனக்கு நிக்கலையா? ஸ்டாண்டும் அதே ஸ்டாண்ட்தான்."

"ஸ்டாண்ட் அதேதான்" என்றார் அவர் மனைவி. "வண்டிதான் அதே இல்ல."

டைல்ஸ்காரர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ உள்ள போ."

"போறேன். போனா கால் நனையும், அதான் யோசிக்கறேன்." அவர் பொடிசு பக்கம் திரும்பினார். "இவர் வண்டியைக் கீழ எறக்கி வச்சிருக்காரும்மா. எறக்கின மெக்கானிக் அன்னிக்கே சொன்னாரு, வண்டி தணிஞ்சா ஸ்டாண்டையும் அந்த அளவுக்கு வெட்டி ஒட்டணும், இல்லன்னா சாயாம நேரா நின்னு அந்தப் பக்கம் விழுந்துடும்னு. வெட்டினா பாக்கறவங்களுக்கு எறக்கினது தெரிஞ்சுபோகுமாம். கூட வேலை செய்யறவங்க கிண்டல் பண்ணுவாங்களாம். அதனால என்ன பண்ணார் தெரியுமா? முன்பக்கம் முழுக்க டைல்ஸைப் பேர்த்துட்டு, வண்டி சாயற மாதிரி சரிவு வச்சு மறுபடி பதிச்சார். வண்டி நல்லா நிக்குது. கழுவற தண்ணியெல்லாம் என் சமையல்கட்டுக்கு வருது."

டைல்ஸ்காரர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன. அத்தான் முதலில் புரியாமல் விழித்து, பிறகு புரிந்து, சிரிப்பதற்காக மூச்சை இழுத்தார்.

"சிரிக்காதீங்க அத்தான்" என்றாள் பொடிசு.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. "அண்ணே, நான் ரெண்டு தடவை கேட்டேன். எனக்கு எறக்கின வண்டிதான் வேணும். அதைத் தேடித்தான் இத்தனை நாளா தெருத்தெருவா அலைஞ்சேன். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே எடுத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன். வண்டியும் விழுந்திருக்காது."

அவர் தலையைத் தூக்கவில்லை. "எல்லாரும் அதைக் குறைன்னுதானேம்மா சொல்வாங்க" என்றார் மெதுவாக.

"எனக்குத் தெரியாதா?"

அவர் அவளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார் என்று தோன்றியது. அத்தானுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவர் வெற்றிபெற்ற களிப்பில் இருந்தார். "அப்ப கண்டிஷன் செல்லாது. விழுந்தது என் தப்பு இல்ல. பொடிசு, இறங்கு, போகலாம். இந்த வண்டியே வேண்டாம்."

"எப்படி இறங்கறது?"

"எப்படின்னா? காலைத் தூக்கி இறங்கு."

"இறங்கினா வண்டி விழும் அத்தான்."

அத்தான் இடுப்பைத் தடவிக்கொண்டார். டைல்ஸ்காரர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பிடித்துக்கொள்ள முன்வரவில்லை. பொடிசு சாவியைப் பார்த்தாள். அது வண்டியிலேயே இருந்தது.

வகுப்பில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தாள். ஸ்டாண்டை மடக்கினாள். நியூட்ரலா என்று பார்த்தாள். ஒடிந்த பிரேக் லீவரை அழுத்திப் பார்த்தாள். நுனிதான் போயிருந்தது, இரண்டு விரலுக்கு இடம் இருந்தது. ஸ்டார்ட் செய்தாள். முதல் கியர். கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது.

"சொன்னேன்ல" என்றார் அத்தான்.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மறுபடி நின்றுபோனது. எதிர்வீட்டு ஜன்னலில் இப்போது இரண்டு தலைகள். இவர்கள் எல்லோரும் சொன்னது சரியாகவே இருந்துவிட்டால்? ஸ்கூட்டர்தான் அழகோ?

மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது.

பெரிய ஆனந்தம் எதுவும் இல்லை. தோள்கள் மரக்கட்டையாக இருந்தன. இரண்டாவது கியருக்கு மாற்றும்போது தலை முன்னும் பின்னும் ஆடியது. வலப்பக்கக் கண்ணாடி இல்லாததால் பின்னால் வருவது தெரியவில்லை; ஒரு வேன்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கடந்துபோனார். தெருக்கோடியில் நிற்க வேண்டியிருந்தது. நின்றாள். இரண்டு பாதமும் பதிந்தன. யாரும் பின்னால் ஓடிவந்து பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது, தெரு காலியாக இருந்த ஒரு துண்டில், டேங்க்கின் மேல் குனிந்து பார்த்தாள். முழங்கை எங்கே மடங்க வேண்டுமோ அங்கே மடங்கியது. மூக்கில் சரியாக உட்கார்ந்த கண்ணாடிபோல, இருப்பதே தெரியவில்லை.

அதைச் சொல்ல வேண்டும் என்று வந்தாள்.

வந்து பார்த்தால், சற்றுமுன் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆண்களும் தோளில் கைபோடாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தான் அந்த நீலத்தைத் தன் கடையில் எப்படிக் கலக்கலாம் என்று விரலை மடக்கி விளக்கிக்கொண்டிருந்தார். டைல்ஸ்காரர் பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? எல்லாம் பேசி முடிச்சாச்சு" என்றார் அத்தான். "ஸ்டாண்டை இவர் வெட்டி ஒட்டித் தர்றார். கண்ணாடி, லீவர் எல்லாம் அவர் செலவு. கீறலுக்கு நான் பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். வண்டியை எடுத்துக்கறோம்."

"பொம்மை வண்டின்னீங்களே."

"பொம்மைதான். ஆனா பெயிண்ட் ஒரிஜினல்."

"அம்மாகிட்ட?"

"நான் சரின்னு சொல்லிடறேன்." அத்தான் குரலைத் தாழ்த்தினார். "கீழ விழுந்த கதையை மட்டும் உங்க அக்கா காதுல போட்டுடாத. ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா."

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட வேண்டும். கேட்ட வண்டி கிடைக்கிறது, அம்மாவின் நிபந்தனையும் தீர்ந்தது. ஆனால் முடியவில்லை. வேண்டாம் என்று சொன்னதும் அவர்கள். சரி என்று சொன்னதும் அவர்கள். நடுவில் அவள் ஒரு தடவை ஓட்டிவிட்டு வந்திருக்கிறாள். எப்படி இருந்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

"நான் இன்னும் சொல்லலையே" என்றாள்.

"என்ன சொல்லணும்?"

"வாங்கறேனா இல்லையான்னு."

அத்தான் டைல்ஸ்காரரைப் பார்த்தார். டைல்ஸ்காரர் அத்தானைப் பார்த்தார். படியில் உட்கார்ந்து ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி மட்டும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"இதுக்குத்தானே காலையில இருந்து ஒத்தக்கால்ல நின்னே?" என்றார் அத்தான்.

"ரெண்டு கால்ல. இப்பவும் ரெண்டு கால்லதான் நிக்கறேன், இறங்க வழியில்லாம." பொடிசு டைல்ஸ்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஸ்டாண்டை வெட்டறப்ப நான் பக்கத்துல இருப்பேன். சாய்வு எவ்வளவுன்னு நான் பார்த்துச் சொல்வேன். சரியா?"

"சரிம்மா."

"செயினை இன்னும் பார்க்கல. அதையும் பார்க்கணும்."

"பாரும்மா."

"அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஓட்டிட்டு வர்றேன். வந்து சொல்றேன்."

"தெருக்கோடி வரைக்கும்தானே?" என்றார் அத்தான்.

"தெரியல."

ஸ்டார்ட் செய்தாள். முதல் கியர். கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கி நின்றுபோனது.

அத்தான் வாயைத் திறந்தார். அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். டைல்ஸ்காரர் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பொடிசு மறுபடி ஸ்டார்ட் செய்தாள்.